கறையான் தின்ற கட்டுத்துணி

பேராசிரியர் ஞானமுத்து இறந்துபோன செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையச் சுவரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ராஜபாளையம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, தீப்பெட்டி ஆபீசுக்கு ஆள் தேவை என்ற நோட்டீசுக்குப் பக்கத்தில், பசை காயாமல் அவர் படம் ஒட்டியிருந்தது. முன்னாள் மாணவர்களின் கண்ணீர் அஞ்சலி. படத்தில் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடம் ஒரே கல்லூரியில் அவரோடு வேலை பார்த்திருக்கிறேன். அவர் சிரித்து நான் பார்த்தது அந்தச் சுவரில்தான்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லாமல் இருந்துவிட்டு, இனி யாரும் கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாரே என்ற கோபம். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, ராஜபாளையம் வரும் வரை மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். உயிரோடு இருந்தபோது போட்டிருக்க வேண்டிய சண்டை அது.

அடுத்த வாரமே மலர்க் குழுவிலிருந்து கடிதம். பேராசிரியருக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். காட்டில் அவரோடு கூட நின்று வேலை பார்த்தவர் ரஹ்மத் டீச்சர் ஒருவர்தான், அதனால் நான் கட்டாயம் எழுத வேண்டுமாம். அவர் கண்டிப்பானவர் ஆனால் உள்ளே பலாச்சுளை என்று மற்றவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம், நானும் அந்த வகையில் ஏதாவது எழுதினால் போதுமாம். நான் பதினோரு வருடம் தேடியும் அந்தச் சுளை என் கண்ணில் படவில்லை. இந்த மலரைப் படிக்கப் போகிற நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். அதனால் அலங்காரம் வேண்டாம், நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் கிழித்துப் போடுவதும் குழுவின் விருப்பம்.

அவர் விலங்கியல் துறைத் தலைவர். நான் வேதியியலில் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர். தற்காலிகம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு ஜூன் மாதமும் என்னை மறுபடி எடுப்பதா வேண்டாமா என்று கேட்கப்படுகிற மூன்று பேரில் அவர் ஒருவர். எண்பதுகளின் நடுவில் அவருக்கு மலையடிவாரக் காட்டில் ஆராய்ச்சி செய்ய ஒரு சிறு உதவித் திட்டம் கிடைத்தது. மண்ணைச் சோதிக்க வேதியியல் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. பெரியவர்கள் யாரும் அவரோடு வரச் சம்மதிக்கவில்லை. நான் சம்மதித்தேன். முதல் நாளே, நான் செய்கிற அமில-கார அளவீட்டையே எனக்குப் பெயராக வைத்தார்: "ஏம்மா டைட்ரேஷன்." என் பெற்றோர் வைத்த பெயர் அவர் வாயில் ஒரு தடவையும் வரவில்லை.

சனிக்கிழமைகளில் வத்திராயிருப்பு போய், அங்கிருந்து பிளவக்கல் அணைப் பக்கம் போகிற பஸ் பிடிப்போம். ஜன்னல் ஓரம் அவருக்கு. அமிலமும் காரமும் நிரம்பிய குப்பிகள் என் மடியில். நான் ஒரு நிமிடம் பிந்தினால் கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்ல மாட்டார். போகிற பஸ்ஸிலிருந்து என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். காட்டில் சாப்பாட்டு நேரம் வந்தால் மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். முதலில் நான் துலுக்கப் பெண் என்பதால்தான் என்று நினைத்தேன். பிறகு விசாரித்தால் எல்லோரிடமும் அப்படித்தானாம். மனிதர்களில் பேதம் பார்க்காதவர், எல்லோரையும் சமமாகவே வெறுத்தார்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். காட்டில் அவருக்குக் கேட்ட கேள்வி வேறு யாருக்கும் கேட்கவில்லை. மரம் காற்றிலிருந்து கரியை எடுத்து இலையாக்குகிறது. இலை உதிர்கிறது. உதிர்ந்த இலையில் இருக்கிற கரி அப்புறம் எங்கே போகிறது? மழையில் நனைந்து, பூஞ்சை பிடித்து, மெல்ல மக்கி மண்ணாகிறது என்று குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லின. நம் அடிவாரத்தில் பாதி வருடம் மழையே கிடையாது, தரை அப்பளமாகக் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களிலும் இலைச் சருகு குறைந்துகொண்டே வருகிறதே, யார் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சருகின்மேல் குப்புறப் படுத்து, காதைத் தரையில் ஒட்டி மணிக்கணக்காகக் கிடப்பார். காலடி அதிர்வு கேட்டால் கறையான் சிப்பாய்கள் தலையால் சருகில் தட்டுமாம், அது அவருக்குக் கேட்கும். எனக்கும் கேட்டது, நாலாவது வாரம். "காட்டுக்கு வாய் மேல இல்ல, கீழ இருக்கு" என்று சொன்னார். அவர் சொன்னதில் அழகான வாக்கியம் அதுதான். சொல்லிவிட்டு, என்ன வேடிக்கை, குப்பியைக் கழுவு என்றார்.

கேள்விக்கு விடை காண ஒரு வழி உண்டு. உலர்த்தி எடை போட்ட சருகைத் துளையுள்ள பைகளில் போட்டுத் தைத்து, காட்டுத் தரையில் வரிசையாக வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை சில பைகளை எடுத்து மீண்டும் எடை போட வேண்டும். குறைந்த எடையில் ஏறக்குறைய பாதி கரி. அது எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டியது என் பங்கு. மண்ணை எடுத்து அதிலிருக்கும் கரியைச் சோதிப்பேன். மண்ணெண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி, புற்றின்மேல் ஒன்றும் வெறுந்தரையில் ஒன்றுமாகக் கவிழ்த்து, உள்ளே ஒரு கிண்ணம் காரத் தண்ணீர் வைப்பேன். மண்ணிலிருந்து கிளம்புகிற கரிக்காற்றை அந்தக் காரம் பிடித்துக்கொள்ளும். மறுநாள் பியூரெட்டில் அளந்தால், பூமி ஒரு நாளில் எவ்வளவு மூச்சு விட்டது என்று தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை அவர் எனக்குக் கொடுத்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார். என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

பைக்குத் துணி வேண்டும். ராஜபாளையத்தைச் சுற்றிப் பேண்டேஜ் துணித் தறி ஓடாத ஊர் குறைவு. புண்ணுக்குக் கட்டுகிற அந்தத் துணியில் இழைக்கு இழை இடைவெளி இருக்கும். சின்னப் பூச்சி உள்ளே போகலாம், சருகு வெளியே கொட்டாது. எங்கள் அத்தா கடை வைத்திருந்ததே அந்தத் துணிக்குத்தான். இதைவிட வசதியாக என்ன கிடைக்கும் என்று ஒரு சுருளை எடுத்துவரச் சொன்னார். வீட்டுத் தையல் மெஷினில் எங்கள் அம்மாதான் பைகளைத் தைத்தாள். இது எதுக்கு என்று கேட்டாள். சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு, பருத்தியைக் கொண்டுபோய் மண்ணில் போட்டால் செல்லு விட்டுவைக்குமா என்று கேட்டாள். எங்கள் பக்கம் கறையானைச் செல்லு என்போம்.

அம்மா சொன்னதை, அம்மா பெயரைச் சொல்லாமல், என் சந்தேகமாக அவரிடம் சொன்னேன். ஆய்வகமே கேட்கும்படிப் பதில் வந்தது. சலவை மருந்து போட்டு வெளுத்த துணி, அந்த வாடைக்கே கறையான் கிட்டே வராது, காட்டில் இத்தனை சருகு கிடக்கும்போது அது ஆஸ்பத்திரித் துணியைத் தேடி வருமா, கறையானைப் பற்றி எனக்கே வகுப்பு எடுக்கிறாயா என்றார். இருபது வருடம் கறையானைப் பார்த்தவர் அவர். எங்கள் அம்மா அடுக்களைப் பரணில் பார்த்ததோடு சரி. தை மாதக் கடைசியில் பைகளைக் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் எண் போட்ட தகரத் துண்டு கட்டி, தேக்கும் வெக்காலியும் நிற்கிற ஒரு சரிவில் வரிசையாக வைத்தோம்.

அந்தச் சரிவைக் காட்டிக்கொடுத்தது மகாராஜபுரம் பேச்சியக்கா. காய்ந்த சுள்ளி பொறுக்க அனுமதி பெற்று, வாரம் மூன்று நாள் காட்டுக்குள் வருவாள். எந்தப் புற்றில் உயிர் இருக்கிறது, எது செத்துப்போன புற்று என்று பார்த்தவுடன் சொல்லுவாள். மழை விட்ட மறுநாள் எந்தப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும் என்று அவளுக்குத் தெரியும், சேலை முந்தியில் அள்ளிக்கொண்டு போய் வறுத்து எனக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பேராசிரியர் அவளோடு பேச மாட்டார். அவள் கைகாட்டுகிற புற்றை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். மாசி மாதம் ஒரு நாள் சுள்ளி வெட்டும்போது அரிவாள் நழுவிக் கணுக்காலில் பட்டுவிட்டது. அடுத்த வாரம் கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டே சுள்ளிக்கு வந்தாள்.

பங்குனியில் நாங்கள் போனபோது பைகள் இல்லை.

இரண்டு வரிசை முழுக்கக் காணோம். எண் போட்ட தகரங்கள் மட்டும் கிடந்தன. சருகும் இல்லை, துணியும் இல்லை, தைத்த நூலும் இல்லை. தரையெங்கும் உதிர்ந்த மண்தூள். கறையான் ஒரு பொருளைத் தின்னும்முன் மேலே மண்ணால் மெல்லிய கூரை போடும், தின்று முடித்தபின் அந்தக் கூரை காற்றில் பொடிந்துவிடும். இது அவரே எனக்குச் சொல்லித் தந்தது. ஒரு வேரின் அடியில் துணியின் ஒரு மூலை மட்டும், மண் அப்பி, விளிம்பெல்லாம் அரித்துக் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். அந்த நேரம் பார்த்துப் பேச்சியக்கா தலைச்சுமையோடு சரிவில் இறங்கி வந்தாள். அவர் கண் அவள் காலுக்குப் போயிற்று. அழுக்கேறிய, ஆனாலும் பார்த்தவுடன் தெரிகிற அதே துணி.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வனத்துறை வாட்சரைக் கூட்டி வரச் சொல்லி, அவர் வரும்வரை அவளைச் சுமையோடு நிறுத்திவைத்தார். பிறகு அவள் காலைச் சுட்டிக் காட்டி, சருகை உதறிப் போட்டுவிட்டுத் துணியை எடுத்திருக்கிறாள், சர்க்கார் பொருள் என்றார். பேச்சியக்கா சுமையை இறக்கவில்லை. "செல்லு இருக்கிற மண்ணுல பருத்தியப் போட்டுட்டு, மனுசியக் கேக்கியளே சாரு" என்றாள். அவர் வாட்சர் பக்கம் திரும்பி, அப்படியானால் கறையான்தான் இவள் காலில் கட்டுப் போட்டுவிட்டதா என்று கேட்டார். வாட்சர் சிரித்தார். நான், கறையானாகவும் இருக்கலாம் சார் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வாட்சர் அவள் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டார், அரிவாளையும் வாங்கிக்கொண்டார். அதன்பிறகு அவளைக் காட்டுக்குள் விடவில்லை. மகாராஜபுரத்தில் செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. வேறு பேச்சிகளிடமிருந்து பிரித்துச் சொல்ல ஊருக்கு ஒரு அடையாளம் கிடைத்தது. கட்டுத்துணிப் பேச்சி. புருஷன் வீட்டார் சொன்னார்கள், தண்ணீர்க் குழாயில் சொன்னார்கள், பிற்பாடு அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் யாரோ சொன்னார்கள். அந்த வருடமே அவள் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டாள்.

ஆய்வகத்துக்கு வந்தால் என் நோட்டு வேறு கதை சொன்னது. வெயில் ஏற ஏற வெறுந்தரையின் மூச்சு மாதாமாதம் குறைந்துகொண்டே வந்திருந்தது, அதுதான் இயல்பு. பை வரிசைக்குப் பக்கத்தில் இருந்த புற்றின் மூச்சு மட்டும் ஏறியிருந்தது. கறையான் கொண்டுபோனதை நேரே தின்றுவிடாது. புற்றுக்குள்ளே பூஞ்சைத் தோட்டம் போட்டு, அதில் வைத்துப் பதமாக்கித்தான் தின்னும். அந்தத் தோட்டமும் மூச்சு விடும். எங்கள் அம்மா தைத்த துணி கீழே போய், காற்றாக மேலே வந்து, என் காரத் தண்ணீரில் கரைந்திருந்தது என்று எனக்குப் பட்டது. ஒரு புற்று, இரண்டு மாதம், அதை மட்டும் வைத்து நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அரித்த துணிமூலை, மண்தூள், எங்கள் அம்மா சொன்னது, பேச்சியக்கா சொன்னது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு கண் போதும். நோட்டை விரித்துக் காட்டினேன். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அந்த வரிசையை அடிச்சிரும்மா. பை இல்லாத இடத்துக்குக் கணக்கு எதுக்கு?" என்றார்.

அவரிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் அவருடைய ஒரு வாசகம் தெரியும். போன வாரம் இரங்கல் கூட்டத்தில்கூட மூன்று பேர் அதைத்தான் சொன்னார்கள். "நோட்டுல எழுதினதை அடிக்காத. அடிச்சா நீ விஞ்ஞானி இல்ல, கிளார்க்." அவர்கள் சொன்னபோது அரங்கில் கைதட்டினார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வரிசையை அடித்தவள் நான். சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து. அறிக்கையை டைப் அடித்தவளும் நான். அவர் ஆங்கிலத்தில் சொன்ன அந்த வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: துணிப் பைகள் வெளியாட்களால் அகற்றப்பட்டபடியால் அவ்விரு வரிசைகளும் கணக்கில் கொள்ளப்படவில்லை. கண்டுபிடிக்கத்தான் போயிருந்தோம், கண்டுபிடித்தது காலடியில் கிடந்தது. அதற்குத் திருட்டு என்று பெயர் வைத்துக் கணக்கிலிருந்து தள்ளினோம்.

அடுத்த வருடம் ஒரு வார்த்தை பேசாமல் நைலான் வலைக்கு மாறினார். ஏன் என்று கேட்டதற்கு, நைலான் நீடித்து உழைக்கும் என்றார். கறையான் நுழைய முடியாத நெருக்க வலை ஒன்று, நுழையக்கூடிய அகல வலை ஒன்று. வருடக் கடைசியில் நெருக்க வலையில் சருகு போட்டது போலவே இருந்தது. அகல வலையில் மண்ணும் நரம்பும்தான் மிச்சம். காட்டின் சருகில் பெரும்பங்கை மக்கவிடாமல் தரைக்குக் கீழே கொண்டுபோவது பூச்சிகள் என்பது பளிச்சென்று தெரிந்தது. புற்றடி மண் ஆழத்திலும் கறுத்திருந்தது. கொண்டுபோனதில் ஒரு பங்கு மூச்சாகக் காற்றுக்குத் திரும்புகிறது, ஒரு பங்கு களிமண்ணோடு கலந்து கீழேயே தங்குகிறது என்று என் சோதனைகள் காட்டின. அருமையான வேலை. அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. மதுரையில் ஒரு கருத்தரங்கில் அதை வாசித்தார். நன்றி சொன்ன இடத்தில் பஸ் டிரைவரைச் சொன்னார், வலை கொடுத்த கடையைச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் முதல்முறையாக நேரே கேட்டேன். கறையான் இவ்வளவு சருகைத் தூக்கிப்போகும் என்று இன்றைக்கு நீங்களே மேடையில் நிரூபித்துவிட்டீர்கள், அப்படியானால் அந்தத் துணிப் பைகள் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "அது வேற, இது வேற" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிருஷ்ணன்கோவில் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, ராஜபாளையம் வந்து இறங்கும்வரை திரும்பவில்லை.

அவர் ஓய்வுபெற்ற மறுவருடம் கடைசியாக ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் என் வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி அவரால் என்னை எதுவும் செய்ய முடியாது. அவர் வீட்டுப் புத்தக அலமாரியைக் கறையான் பிடித்திருந்தது. கீழ்த்தட்டில் இருந்த அவருடைய பழைய ஆய்வேடுகள் அட்டை மட்டும் நிற்க உள்ளே மண்ணாகியிருந்தன. எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன். மருந்து அடிக்கவில்லையா என்று கேட்டேன். தன் வேலையை அது செய்கிறது என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு பதிலுக்காக அவரை மன்னித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னேன். ஒரு நாள் என்னோடு மகாராஜபுரம் வர வேண்டும். ஊர்க்காரர்கள் நாலு பேர் இருக்கும்போது, பேச்சி துணியை எடுக்கவில்லை, நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து வருஷம் ஆச்சும்மா. அந்தப் பொம்பளைக்கு ஞாபகமே இருக்காது" என்றார். நான் விடவில்லை. கறையான்தான் தின்றது என்று உங்களுக்கே தெரியும் சார் என்றேன். மறுக்கவில்லை. தெரியும் என்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்து ஒன்று கேட்டார்: "பையைக் கறையான் தின்னுச்சுன்னே வச்சுக்குவோம். அவ கால்ல இருந்த துணி எங்க இருந்து வந்துச்சு? அதைச் சொல்லு, நான் வாரேன்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். பிடிவாதக்காரர், கல்நெஞ்சக்காரர், செத்தாலும் திருந்த மாட்டார் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தேன். அதன்பிறகு அவரைப் பார்க்கவில்லை.

இரங்கல் கூட்டம் முடிந்த மறுநாள் தனியாக மகாராஜபுரம் போனேன். பேச்சியக்காவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. வீட்டு வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடுகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள். சாரு இறந்துபோனார் என்றேன். கை நிற்கவில்லை. எப்போ என்று கேட்டாள், என்ன சீக்கு என்று கேட்டாள். நான் அவரைப் பற்றி ஆரம்பித்தேன். கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை அக்கா, வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன், வரமாட்டேன் என்றுவிட்டார், இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று கொட்டித் தீர்த்தேன். அவள் செத்த நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"அவிய சொல்லல, சரி. அவியளுக்கு நெசம் தெரியாதுல்ல டீச்சர். ஒங்களுக்குத் தெரியும்லா."

அவள் குரலில் கோபம் இல்லை. எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துப் பழகிய குரல் அது. என்னால் பலகையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தும் போக முடியவில்லை. அவள் மறுபடி கிண்ணத்தை இழுத்துக்கொண்டு, டீ போடவா என்று கேட்டாள்.

குழு கேட்ட இரண்டு பக்கம் எப்போதோ தாண்டிவிட்டது. இதுவரை எழுதியதெல்லாம் ஞானமுத்துவின் குற்றம். அதில் ஒரு வரியையும் திரும்ப வாங்க மாட்டேன். கர்வி, தன் தவறைப் பிறர் தலையில் கட்டியவர், ஒரு பெண்ணின் பெயரைவிடத் தன் அறிக்கையைப் பெரிதாக நினைத்தவர். ஆனால் அவர் கேட்ட கடைசிக் கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லியிருந்தால் அவர் என்னோடு வந்திருப்பாரா மாட்டாரா என்பது எனக்குத் தெரியாது. வந்திருக்கக்கூடும் என்பதை நினைக்கும்போதுதான் அவர்மேல் எனக்கு இத்தனை ஆத்திரம் வருகிறது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இரண்டு. வேரடியில் அவர் கீழே போட்ட அந்தத் துணிமூலையைப் பொறுக்கி ஒரு குப்பியில் போட்டு வைத்தேன், இன்னும் என் மேஜையில் இருக்கிறது. இன்னொன்று, நோட்டில் எழுதியதை அடிக்காதே என்று அவர் சொன்னது. சொன்னவர் கடைப்பிடிக்கவில்லை, கேட்டவளும் கடைப்பிடிக்கவில்லை. சிவப்பு மையில் அடித்த அந்த வரிசையை இப்போது எழுதிவிடுகிறேன். மகாராஜபுரத்துக்கு இந்த மலரின் ஒரு பிரதியை நானே எடுத்துப் போய், நாலு பேர் இருக்கும்போது சத்தமாக வாசிக்கப் போகிறேன்.

காட்டில் வைத்த துணிப் பைகளைக் கறையான் தின்றது. மகாராஜபுரம் பேச்சியம்மாள் எடுக்கவில்லை. அரிவாள் பட்டு அவள் காலில் ரத்தம் ஒழுகிய அன்று, பேராசிரியர் தூரத்தில் தரையில் காது வைத்துக் கிடந்தபோது, பை தைத்து மிஞ்சிய துணியை என் பையிலிருந்து எடுத்து, குனிந்து உட்கார்ந்து கட்டுப் போட்டுவிட்டது நான். அந்த வருடம் ஜூன் மாதம் என்னை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அதனால் வாட்சருக்கு முன்னால், அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றபோது, நான் சொல்லவில்லை.